மருத்துவர் பதில்கள்: காயத்தைக் கழுவ மருந்தா, தண்ணீரா?

சாலை விபத்துகளில் முதலுதவி குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே, காயத்தைக் கழுவுவது தொடர்பான கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து, முழங்காலில் வெட்டுக்காயத்துடன் மருத்துவமனைக்குச் சென்றபோது, சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில் ஒன்றை முழுவதுமாகப் பீய்ச்சிக் கழுவினார்களே தவிர, எரிகிற மருந்து எதையும் உள்ளே விடவில்லை. “வீட்டிலேயே குழாயைத் திறந்து காட்டியிருக்கலாமே அம்மா” என்று செவிலியர் வேறு சொன்னார். டெட்டால் ஊற்றிக் கழுவியே பழகிய எங்களுக்கு இது அலட்சியமாகத் தோன்றுகிறது. இது சரியா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அலட்சியம் இல்லை அம்மா. செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். செவிலியர் சொன்னதும் சரியே.

காயம் சீழ் பிடிக்குமா, பிடிக்காதா என்பது முதன்மையாக மூன்று விஷயங்களைப் பொறுத்தது. எவ்வளவு கிருமி உள்ளே போயிருக்கிறது. மண், துணி நூல், நைந்த சதை என்று கிருமிகளுக்குப் புகலிடம் தரக்கூடியவை உள்ளே எஞ்சியிருக்கின்றனவா. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது. இவற்றில் முதல் இரண்டையும் நம் கையால் குறைக்க முடியும். அதற்கு வேகமாகவும் நிறையவும் ஓடும் நீருக்கு இணையான மருந்து இதுவரை கிடைக்கவில்லை. கீரையில் உள்ள மண்ணைப் போக்க, தண்ணீரில் எதைக் கலந்தோம் என்பதைவிட எத்தனை முறை அலசினோம் என்பதுதானே முக்கியம்? காயத்துக்கும் அதேதான்.

கிருமிநாசினியை உள்ளே ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்ற எண்ணம் இயல்பானது. முதல் உலகப் போரின்போது மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பிரான்ஸின் பூலோன் நகரில், பிரிட்டிஷ் மருத்துவர் ஆல்ம்ராத் ரைட்டின் தலைமையில் இயங்கிய இராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்த நம்பிக்கையை ஓர் எளிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு சோதித்தார். சோதனைக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரிலிருந்து கூரான பல முனைகளை வெளியே இழுத்து, வெடிகுண்டுச் சிதறல் கிழித்த காயத்தில் இருப்பதைப் போன்ற சந்துபொந்துகளை அதில் உண்டாக்கினார். கிருமி கலந்த சீரத்தால் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரால்) அதை நிரப்பிக் கொட்டிவிட்டு, அன்றைக்கு வழக்கத்தில் இருந்த கிருமிநாசினியை ஊற்றி ஊறவைத்து, அதையும் கொட்டிவிட்டுப் புதிய சீரத்தை நிரப்பினார். அந்தச் சீரமும் முன்போலவே கெட்டுப்போயிற்று. சந்துகளின் அடியில் இருந்த கிருமிகளை மருந்து எட்டவில்லை. ஆனால் காயத்தின் மேற்பரப்பில் கிருமிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் நம்முடைய வெள்ளணுக்களை அதே மருந்து கொன்றுவிடுகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1919-இல் இலண்டனில் ஆற்றிய உரையில் அவர் இவற்றைத் தொகுத்துச் சொன்னார். பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அவர் செய்த இந்த வேலை பரவலாகப் பேசப்படாதது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து, அழுக்கு வெளியேறுகிறது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அந்த நுரை, நம் இரத்தத்திலும் திசுவிலும் உள்ள ஒரு நொதி அந்தத் திரவத்தைச் சிதைப்பதால் வெளிப்படும் ஆக்சிஜன்தான். புதிய தோலை உருவாக்க வேண்டிய செல்களை அது அழிக்கிறது. ஆழமான, வாய் குறுகிய காயத்தில் அழுத்திச் செலுத்தினால், வாயுக் குமிழி இரத்தக் குழாய்க்குள் புகும் ஆபத்தும் உண்டு. ஸ்பிரிட்டும் நீர் கலக்காத டெட்டாலும் திசுவைச் சுட்டுவிடுகின்றன. எரிச்சல் என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம் அல்ல. பெட்டாடின் என்று நாம் அழைக்கும் போவிடோன் அயோடினுக்கு இடம் உண்டு. ஆனால் 10 விழுக்காடு வலிமையில் கடைகளில் கிடைக்கும் அந்தத் திரவத்தைக் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலில்தான் தடவ வேண்டும். உள்ளே விட வேண்டிய சிறப்புச் சூழல்களில் 1 விழுக்காடு அளவுக்கு நீர்க்கச் செய்தே பயன்படுத்துகிறோம்.

குழாய் நீருக்கு வருகிறேன். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தையல் போட வேண்டிய காயங்களுடன் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குழாய் நீரிலும் மற்றவர்களுக்குத் தூய சலைனிலும் கழுவினார்கள். இறுதிவரை தொடர்பில் இருந்த 600-க்கும் மேற்பட்டோரில் குழாய் நீர்ப் பிரிவில் 4 விழுக்காட்டினருக்கும், சலைன் பிரிவில் 3.3 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில் இது தலைகீழாகி, குழாய் நீரில் 3.5, சலைனில் 6.4 என்று வந்தது. ஒரு முறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சாய்கிற இத்தகைய சிறு வேறுபாடுகள், இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை என்பதையே காட்டுகின்றன.

ஆனால் ஒரு நிபந்தனையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் குழாய் நீர் என்றால் அப்படியே குடிக்கத் தகுந்த நீர். நம் வீடுகளில் மொட்டை மாடித் தொட்டியில் பல மாதங்கள் பாசி படிந்து கிடக்கும் நீரும், கலங்கலாக வரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் அந்தக் கணக்கில் சேரா. நீங்கள் எந்தத் தண்ணீரைத் தயங்காமல் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பீர்களோ, அந்தத் தண்ணீரால் காயத்தைக் கழுவலாம். ஐயமிருந்தால் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோ, சாலையோரத்தில் என்றால் மூடி திறக்காத குடிநீர் பாட்டிலோ போதும். கழுவத் தொடங்கும் முன் இரத்தம் நின்றிருக்க வேண்டும். சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் பெருகுகிற காயத்தையும், மார்பிலோ வயிற்றிலோ குத்திய காயத்தையும் வீட்டில் கழுவ முற்படாமல், அழுத்தியபடியோ மூடியபடியோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். சலைன் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளையிட்டுப் பிழிந்து கழுவுவதே எங்கள் வழக்கம். இந்த அழுத்தம் போதுமா? எவ்வளவு ஊற்ற வேண்டும்? சில மருத்துவர்கள் காஸ் துணியை பெட்டாடினில் நனைத்துத் துடைத்தால் போதும் என்கிறார்கள்.
— செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் நிறைவளித்த கேள்வி உங்களுடையது, சகோதரி. கழுவுவதைத் தையலுக்கு முன் செய்யும் சடங்காக எண்ணாமல், அதுவே சிகிச்சை என்று கருதுகிறவர்தான் இப்படிக் கேட்பார்.

நனைத்துத் துடைப்பது போதாது. பரப்பில் உள்ள அழுக்கைச் சந்துக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. கிண்ணத்தில் கையை ஊறவைப்பதும் அவ்வாறே பயனற்றது. திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமியும் மணல் துகளும் பெயர்ந்து வர, நீர் ஓரளவு விசையோடு மோத வேண்டும். அந்த விசை சதுர அங்குலத்துக்கு 5 முதல் 8 பவுண்டு வரை இருந்தால் சாதாரண வெட்டுக்காயங்களுக்குப் போதும் என்பது அவசர சிகிச்சைத் துறையில் நெடுங்காலமாக நிலவும் கணக்கு. 30 முதல் 60 மி.லி. வரை கொள்ளும் சிரிஞ்சின் முனையில் 18 கேஜ் கேனுலாவை, அதாவது இரத்தக் குழாயில் மருந்தேற்றப் பயன்படும் பச்சை நிறப் பிளாஸ்டிக் குழாயை, உள்ளிருக்கும் ஊசியை உருவி எறிந்துவிட்டுப் பொருத்தி, கட்டைவிரலால் முழுவலுவோடு அழுத்தினால் ஏறத்தாழ அந்த விசை கிடைக்கும். ஊசியையே வைத்துப் பீய்ச்சுவதைவிட இது நல்லது. நோயாளி துள்ளினாலும் யாருக்கும் குத்தாது. துளையிட்ட சலைன் பாட்டிலைப் பிழியும்போது விசை, பிழிகிறவரின் கைவலுவைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும். பாட்டில் காலியாகக் காலியாகத் தளர்ந்தும் போகும். மண் அதிகமில்லாத காயத்துக்கு அது ஏற்றதே. சேறு படிந்த காயத்துக்குச் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, காயத்தின் நீளத்தில் ஒரு செ.மீ.க்கு 50 முதல் 100 மி.லி. என்று கொள்ளலாம், 4 செ.மீ. வெட்டுக்கு 200 முதல் 400 மி.லி. வரை ஆகும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. உள்ளே அழுக்கு ஏதும் கண்ணுக்குத் தெரியாத நிலை வரும் வரையில், ஓடிவரும் நீர் தெளிவாகும் வரையில், நிறுத்தக் கூடாது. காயம் கையிலோ காலிலோ இருந்து, நிலையத்தின் குழாய் நீர் நம்பத் தகுந்ததாகவும் இருந்தால், குழாய்க்கடியில் சில நிமிடங்கள் பிடிப்பது, பாட்டில் தரும் அரை லிட்டரைவிடப் பல மடங்கு நீரைத் தந்துவிடும்.

மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்த பிறகு கழுவத் தொடங்குங்கள். வலியால் நோயாளி கையை இழுத்துக்கொள்ளும் நிலையில் எவராலும் முழுமையாகக் கழுவ முடியாது. பாதியில் நின்றுபோன கழுவுதலே பிறகு சீழாக வந்து நிற்கிறது. காயத்தின் உதடுகளை விரித்துப் பிடித்து, அடிவரை தெரியும்படி கழுவ வேண்டும். தெறிக்கும் நீர் உங்கள் கண்ணில் படாமலிருக்கக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். தூய்மையான பிளாஸ்டிக் கோப்பை ஒன்றின் அடியில் துளையிட்டு, அதன் வழியே கேனுலாவை நுழைத்துக் காயத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்தால், தெறிப்பு பெரும்பாலும் கோப்பைக்குள்ளேயே அடங்கிவிடும்.

விசை கூடக் கூட நல்லது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எலும்பு முறிந்து வெளியே தெரியும் காயங்களில் இதை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. நம் நாட்டு மருத்துவமனைகளும் பங்கேற்ற அதில் 2,447 நோயாளிகளின் விவரங்கள் கணக்கிடப்பட்டன. மிகக் குறைந்த விசை, குறைந்த விசை, உயர் விசை ஆகிய மூன்றுக்கும் இடையே மறு அறுவை சிகிச்சைத் தேவையில் வேறுபாடு இல்லை. ஆனால் சோப்புக் கரைசலால் கழுவப்பட்டவர்களில் 14.8 விழுக்காட்டினருக்கும், வெறும் சலைனால் கழுவப்பட்டவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. விலை குறைந்த சலைனையும் எளிய கருவியையும் வைத்துக்கொண்டு பணியாற்றும் உங்களைப் போன்ற நிலையங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை.

சாலையில் உராய்ந்த சிராய்ப்புகளில் தார்த்துகளும் கருமணலும் பதிந்திருந்தால், நீர் மட்டும் போதாது. மரக்கச் செய்த பின் மென்மையான தூரிகையாலோ ஈரக் காஸாலோ தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு நாளுக்குள் எடுக்காவிட்டால் அவை தோலுக்கடியில் பச்சை குத்தியது போல நிலைத்துவிடும். முகத்தில் சிராய்ப்புற்ற இளம் பெண்களும் பிள்ளைகளும் வாழ்நாள் முழுவதும் அந்தக் கறையைச் சுமக்க நேர்வதை நினைத்து, இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுச் சிறுவனைத் தெருநாய் கடித்தது. பெரியவர்கள் சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வைத்துக் கட்டி, மறுநாள்தான் ஊசி போட அழைத்துச் சென்றார்கள். எலும்பு முறிவுக் காயத்தில் சோப்பு கூடாது என்றால் நாய்க்கடியிலும் கூடாதா? சில மருத்துவர்கள் நாய்க்கடிக்குச் சோப்பு போடச் சொல்கிறார்களே?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: நாய்க்கடிக்குச் சோப்பு கட்டாயம் வேண்டும். வெறிநோய்க் கிருமி, கொழுப்பாலான உறையைப் போர்த்திய ஒரு வைரஸ். சோப்பு அந்த உறையைக் கரைத்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. கடிபட்ட இடத்திலிருந்து நரம்புக்குள் அது நுழைவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில், எவ்வளவு வைரஸைக் கழுவி வெளியேற்றுகிறோமோ அவ்வளவுக்கு ஆபத்து குறையும். எனவேதான் உலக சுகாதார நிறுவனம், ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவச் சொல்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். நாய் நக்கிய சிராய்ப்புக்கும், பூனை, குரங்கு கடிக்கும் இதுவே விதி. கழுவிய பின் போவிடோன் அயோடின் தடவலாம்.

சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காபித்தூள், மண்ணெண்ணெய் ஆகியவை திசுவைப் புண்ணாக்குகின்றன. கழுவ வேண்டிய நேரத்தையும் விழுங்கிவிடுகின்றன. யாரேனும் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால், அவரைக் கடிந்துகொண்டு நிற்காமல் அவற்றைக் கழுவி எடுத்துவிட்டு, 15 நிமிடக் கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். தாமதமாகிவிட்டது என்று கழுவாமல் விடவும் வேண்டாம். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனடியாக எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள்) மருந்தையும் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடப்படும் தடுப்பூசியின் தவணைகள், முதல் ஊசி நாளைச் சுழியமாகக் கொண்டு 0, 3, 7, 28-ஆம் நாள்கள். ஒன்றையும் தவற விடக் கூடாது. நாய்க்கடிக் காயத்தை உடனடியாகத் தைப்பதைக் கூடியவரை தவிர்ப்போம். தைத்தே ஆக வேண்டுமென்றால், இம்யூனோகுளோபுலின் செலுத்தியபின் சில மணி நேரம் கழித்துத் தளர்வாகத் தைப்போம்.

பாம்புக்கடிக்கு இதை எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே தேய்த்துக் கழுவுவதும் கீறுவதும் நஞ்சு பரவவும் இரத்தக் கசிவு கூடவும் வழிவகுக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கேள்வி: கட்டட வேலையில் செருப்பைத் துளைத்து ஆணி காலில் ஏறிவிட்டது. மேலே சிறு புள்ளிதான் தெரிகிறது. தண்ணீரை வேகமாக உள்ளே பீய்ச்சினால் போதுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம் ஐயா. வாய் குறுகிய குத்துக் காயத்துக்குள் விசையோடு நீரைச் செலுத்தினால் அது வெளியே வர வழியின்றி, அழுக்கையும் சுமந்துகொண்டு திசுவின் அடுக்குகளுக்கிடையே பரவிவிடும். மேற்பரப்பைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆணியோடு செருப்பின் ரப்பர்த் துணுக்கும் உள்ளே போயிருக்கக்கூடும். அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். உங்கள் செருப்பைக் கையோடு கொண்டுபோங்கள். துளையில் ரப்பர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் இத்தகைய காயத்துக்கு மீண்டும் போட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அந்த ஊசிக்கு அது மாற்றாகாது. மூன்றாம் நான்காம் நாளில் வலி குறையாமல் கூடுமானால் மறுபடியும் காட்ட வேண்டும்.

கேள்வி: அறுவடையின்போது அரிவாள் பட்ட என் தந்தையாரைப் பத்து மணி நேரம் கழித்துத்தான் அழைத்துச் செல்ல முடிந்தது. வயலில் வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைப் பிழிந்து விட்டிருந்தார்கள். ஆறு மணி நேரம் தாண்டிவிட்டதால் தையல் போட முடியாது என்று ஓரிடத்தில் மறுத்துவிட்டார்கள். வேறோர் இடத்தில் கழுவித் தைத்தார்கள். எது சரி?
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஆறு மணி நேரக் கணக்கு 1898-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக், கினிப்பன்றிகளின் காயங்களில் தோட்ட மண்ணையும் படிக்கட்டுத் தூசியையும் இட்டுச் செய்த சோதனையிலிருந்து வந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளே இல்லாத காலத்தில் உருவான அந்த எல்லையை இன்றும் கல்வெட்டாகக் கொள்ளத் தேவையில்லை. 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 2,663 நோயாளிகளைக் கவனித்தபோது, 12 மணி நேரத்துக்குப் பின் தைக்கப்பட்டவர்களிடம் தொற்று கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சர்க்கரை நோய், 5 செ.மீ.க்கு மேற்பட்ட நீளம், காலில் ஏற்பட்ட காயம், மண் கலந்த அழுக்கு ஆகியவையே ஆபத்தைக் கூட்டின.

ஆகவே, நேரத்தை மட்டும் பார்த்து மறுத்தவரைவிட, காயத்தைப் பார்த்து முடிவெடுத்தவர் பக்கமே என் கருத்து சாயும். பச்சிலைச் சாறும் நாரும் முழுவதும் வெளியேறும்படி கழுவியிருந்தால் தைத்ததில் தவறில்லை. சேறு மிகுதியாக இருந்து, கழுவிய பின்னும் ஐயம் தீராவிட்டால், திறந்தே கட்டுப்போட்டு நான்கைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் தைக்கும் முறையும் உண்டு. அதையும் சிலர் அலட்சியம் என்று தவறாக எண்ணுகிறார்கள்.

கேள்வி: மேசை முனையில் இடித்துக்கொண்ட என் மகளின் நெற்றிக் காயத்தை லேசாகத்தான் கழுவினார்கள். மீண்டும் கேட்டுக் கழுவச் சொல்லியிருக்க வேண்டுமா?
— வாசகர், சேலம்

பதில்: தேவையில்லை. முகத்துக்கும் தலைக்கும் இரத்த ஓட்டம் மிகுதி, தொற்று அரிது. 1998-இல் 1,923 பேரிடம் நடந்த ஆய்வில், முகம், தலை ஆகிய இடங்களில் ஏற்பட்ட சுத்தமான புதிய காயங்களுக்கு விசையோடு நீர் பாய்ச்சியதும் பாய்ச்சாததும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன. கடிக்காயத்துக்கும் மண் படிந்த காயத்துக்கும் இது பொருந்தாது. புருவத்தை மழித்தார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், மழிக்கவே கூடாது. தைக்கும்போது இரு பக்கத்தையும் நேராகப் பொருத்த அந்த முடிவரிசைதான் வழிகாட்டி.

கேள்வி: தையல் போட்ட இடத்தில் தண்ணீரே படக் கூடாது என்று தையல் பிரிக்கும்வரை குளிக்காமல் இருக்க வேண்டுமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.
— வாசகர், மதுரை

பதில்: அவ்வளவு நாள் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், சிறு தோல் அறுவை செய்துகொண்ட 857 பேரில் ஒரு பகுதியினரை 12 மணி நேரத்துக்குப் பின் குளிக்க அனுமதித்தும், மற்றவர்களை 48 மணி நேரம் ஈரம் படாமல் காத்தும் ஒப்பிட்டார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி தொற்றில் வேறுபாடு இல்லை. அவை மருத்துவர் கத்தியால் சுத்தமாக வெட்டிய காயங்கள் என்பதால், விபத்துக் காயத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்த பின் குளிக்கச் சொல்கிறேன். மேலிருந்து நீர் வழிந்து ஓடலாம். ஆற்றிலும் குளத்திலும் முழுகுவது தையல் பிரித்து, காயம் முற்றும் மூடிய பிறகே. குளித்த பின் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துப் புதிய கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருப்பதால் மறுநாளும் மூன்றாம் நாளும் காயத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு பரவினாலும், வீக்கமோ வலியோ கூடினாலும், காய்ச்சல் வந்தாலும் அந்த நாள்வரை காத்திராமல் உடனே செல்லுங்கள்.